நான் நீக்கிய ஆட்டக்காரி

நான் ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் அச்சக முதலாளி கேட்ட ஒரே கேள்வி, "அத லேபிள்ல போட முடியுமா?" என்பது. முடியாது என்றேன். அத்துடன் அந்த விஷயத்தில் அவருக்கிருந்த ஆர்வம் தீர்ந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டிசைன் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் வேலை. வரைவது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். போன ஆண்டு வலப்பக்கம் பார்த்த மயிலை இந்த ஆண்டு இடப்பக்கம் திருப்பி, பின்னால் இரண்டு நட்சத்திரத்தைச் சேர்த்துக் கொடுப்பேன். கம்பெனிக்காரர் அதைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ புதுசா இருக்கு" என்பார். மனிதர்கள் மீது எனக்கு இருந்த மதிப்பு அந்த மயிலால்தான் குறையத் தொடங்கியது.

எனக்கென்று ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கேம் செய்யக் கற்றுக்கொண்டேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், பழைய கம்ப்யூட்டர், யாரோ எங்கிருந்தோ போட்ட வீடியோ பாடங்கள். முதல் மூன்று ஆட்டங்களும் குப்பை. ஒன்றில் ஆள் சுவருக்குள் புகுந்து காணாமல் போவான். இன்னொன்றில் கோழி முட்டையிட்டால் ஆட்டமே நின்றுவிடும். நான்காவதுதான் உருப்பட்டது.

அது மூன்று சக்கர சைக்கிள் ஆட்டம். குடோனிலிருந்து பேப்பர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அச்சகம் வரைக்கும் மிதித்துப் போக வேண்டும். போன் திரையின் இடது பக்கம் தொட்டால் இடது மிதி, வலது பக்கம் தொட்டால் வலது மிதி. மாற்றி மாற்றித் தொட வேண்டும். அவசரப்பட்டால் கட்டு சாயும். மெதுவாகப் போனால் ரயில்வே கேட் மூடிவிடும். கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அங்கேதான் பெரும்பாலானோர் கட்டுகளைக் கொட்டுவார்கள். மொத்தம் ஒன்றரை நிமிட ஆட்டம். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு எனக்கு ஏழு மாதத்து ஞாயிறுகள் ஆயின. என் பதினெட்டு வருட மயில்களைவிட அந்த வேகத்தடை எனக்குப் பெருமையாக இருந்தது.

இணையத்தில் போட்டேன். பத்துப் பேர் ஆடினார்கள், பிறகு நூறு பேர். யார் வேகம் என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. சரி, வாரம் ஒரு போட்டி வைப்போம் என்று நடத்தத் தொடங்கினேன். கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். இதற்கும் ஏமாற்றினார்கள் என்பதை முதலில் என்னால் நம்ப முடியவில்லை. ஒன்றுமே கிடைக்காத இடத்தில் மனிதர்கள் எவ்வளவு உழைத்து ஏமாற்றுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில் ஒரு போட்டி நடத்திப் பாருங்கள். ஒருவர் தன் தங்கையை ஆட வைத்துத் தன் பெயரில் போட்டார். ஒரு கல்லூரி ஆசிரியர் நேரத்தை மாற்றி எழுதி அனுப்பினார். கண்டுபிடித்துக் கேட்டால், "சும்மா செக் பண்ணேன் மேடம்" என்றார். மாணவர்களுக்கு அவர் நடத்துவது நன்னெறிப் பாடம் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே கடுமையான ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் விரல் எப்போது எந்தப் பக்கம் பட்டது என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் பதிவாகும். அந்தப் பதிவை வைத்து நான் அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் ஆளை நீக்கிவிடுவேன். நீக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இந்த நேரத்தில்தான் தலைவர் வந்து சேர்ந்தார். விருதுநகரில் செல்போன் கவர் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல் ஓர் அறை, அதில் மாவட்ட மின்னணு விளையாட்டுச் சங்கம் என்று ஒரு பலகை. சங்கத்தில் இவர் தலைவர். இவருடைய மனைவியின் தம்பி செயலாளர். பொருளாளர் என்று ஒருவரைச் சொன்னார்கள், கடைசிவரை அவரை நான் பார்க்கவில்லை. தலைவருடைய விசிட்டிங் கார்டில் ஐந்து பதவிகள் அச்சிட்டிருந்தன. ஐந்தில் இரண்டு ஒரே பதவிதான், ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில்.

"மேடம், ஒங்க கேம நம்ம மாவட்ட லெவலுக்குக் கொண்டு போறோம்" என்றார். "மூணு வாரம் ஆன்லைன்ல தகுதிச் சுற்று. ஆறு பேரு ஃபைனல். மண்டபம், மேடை, சீஃப் கெஸ்ட்டு எல்லாம் நான் பாத்துக்குறேன். நீங்கதான் தலைமை நடுவர்."

"நீங்க இந்த ஆட்டத்த ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நமக்கு எங்க மேடம் டைம்? மச்சினன் ஆடுவாப்ல."

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் தலைமை நடுவர் என்ற சொல் என் காதுக்குள் நின்றுவிட்டது. பதினெட்டு ஆண்டுகளாக என் பெயர் எந்த லேபிளின் மூலையிலும் வந்ததில்லை. ஐந்து பதவி அச்சிட்டவரை இளக்காரமாகப் பார்த்த நான், ஒரு பதவிக்குத் தலையை ஆட்டினேன். பேனரில் அவர் முகம் பானை அளவு, என் பெயர் எறும்பு அளவு. அதையும் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆனி மாதம் தகுதிச் சுற்று தொடங்கியது. ஒவ்வொருவருடைய சிறந்த ஆறு ஓட்டங்களைக் கணக்கில் எடுப்போம் என்று விதி. முதல் வாரத்திலேயே ஒரு பெயர் மேலே போய் உட்கார்ந்தது: 'வேன் நாலு'. அடுத்தவருக்கும் அதற்கும் நான்கு விநாடி இடைவெளி. இரண்டாவது இடத்தில் 'கிங் ஆஃப் கிங்ஸ்'. அது தலைவரின் மச்சினர். முப்பது வயது, கறுப்புக் கண்ணாடி, அறைக்குள்ளும் கழற்றுவதில்லை.

இரண்டாவது வாரம் தலைவர் போனில் கூப்பிட்டார். "மேடம், இந்த வேன் நாலு யாருன்னு பாத்தீங்களா? ரிஜிஸ்டர்ல பாத்தேன். ஏழாயிரம்பண்ணப் பக்கம். பொம்பள. பட்டாசுக் கம்பெனில வேல. அதுக்கு எப்படி மேடம் இவ்வளவு ஸ்பீடு வரும்? மச்சினனாலயே முடியல. கண்டிப்பா ஏதோ சாஃப்ட்வேர் போட்டிருக்கு."

வேன் நாலு என்பது கல்லூரியில் படிக்கும் யாரோ ஒரு பையன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண் என்று கேட்டதும், அதுவும் பட்டாசு வேலைக்குப் போகிறவர் என்று கேட்டதும், எனக்குள் சந்தேகம் கூடியது. தலைவரின் வாயிலிருந்து வந்த இழிவான நினைப்பு என் மண்டைக்குள் ஏற்கெனவே இருந்தது. அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். எனக்கு அதை நாகரிகமாக மறைத்துக்கொள்ளத் தெரியும். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். தொடுதலுக்கும் தொடுதலுக்கும் நடுவே ஒரே இடைவெளி. இடது, வலது, இடது, வலது, தையல் மெஷின் ஓடுவதுபோல. மனித விரல் அப்படி ஓடாது, தடுமாறும் என்று எங்கேயோ படித்திருந்தேன். மச்சினருடைய பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இடைவெளிகள் கொஞ்சம் கூடிக் கொஞ்சம் குறைந்து, மனிதர் ஆடியதுபோலவே இருந்தன. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேன் நாலை நீக்கினேன். எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் எழுதினேன்: "வேன் நாலு கருவி உதவியுடன் ஆடியது உறுதியானதால் நீக்கப்படுகிறார். நடுவரின் முடிவே இறுதியானது." அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நான்கு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சகத்து வாட்ச்மேன் வந்து, "ஒங்களப் பாக்க ஒரு அம்மா வந்துருக்காக" என்றார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளிப் பொடி படிந்திருந்தது. பட்டாசு வேலைக்காரர்களுக்கு அது குளித்தாலும் போகாது.

"நீங்கதான் அந்த மூணு சக்கர வண்டி ஆட்டத்தச் செஞ்சவுகளா?"

"ஆமா. நீங்க?"

"வேன் நாலு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்க ஊருக்காரி ஒருத்தி ஒங்க பைண்டிங்ல இருக்கா. அவகிட்டக் கேட்டு வந்தேன். இன்னைக்கு வேலைக்குப் போகல. என்னைய ஏன் தூக்குனீக?"

"உங்க பதிவுல எல்லாம் ஒரே இடைவெளியா இருக்குங்க. மனுசங்க ஆடுனா அப்படி வராது."

"மனுசங்க ஆடுனா எப்படி வரும்?"

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"அப்ப ஒழுங்கா ஆடுனா தப்பா?"

நடுவர்களுக்கு வழக்கமாக இருக்கும் பதிலைச் சொன்னேன். விதி என்றேன். அவர் கையை நீட்டினார்.

"ஒங்க போனக் குடுங்க."

கொடுத்தேன். என் போன், என் மேசை, என் கண்ணெதிரே. அவருடைய போனில் ஏதாவது கள்ளத்தனம் இருக்கிறது என்றால் அது இங்கே வர வழியில்லை. மேசை ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்து, நின்றபடியே இரண்டு ஆள்காட்டி விரல்களால் ஆடினார். திரையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. வேகத்தடை வருவதற்கு முன் ஒரே ஒரு தொடுதலை விட்டார், கட்டு அசையாமல் ஏறி இறங்கியது. கேட் மூடுவதற்குள் கடந்தார். முடிந்ததும் நேரத்தைப் பார்த்தேன். அவருடைய சாதனையைவிட அரை விநாடி குறைவு.

"ஒங்க போனு வழுக்குது. நல்லா இருக்கு" என்றார்.

நான் பதிவைத் திறந்தேன். இடது, வலது, இடது, வலது. அதே தையல் மெஷின்.

"எப்படிங்க?" என்று கேட்டேன்.

"பதினேழு வருசம் சரவெடி பின்னுனேன். எடது கை திரி, வலது கை வெடி. எடது, வலது. கூட ஒக்காந்தவகளோட பேசிக்கிட்டே பின்னுவேன், கை தப்பாது. இப்ப சரவெடிக்குக் கோர்ட்டு தடைங்கவும் பேக்கிங்ல போட்டுட்டாக. கை அப்படியேதான் இருக்கு."

"எப்ப ஆடுவீங்க?"

"கம்பெனிக்குள்ள போனு கொண்டு போகக் கூடாதுல்ல. காலைல வேன்ல போறப்ப, சாயங்காலம் வாறப்ப. நாலாம் நம்பர் வேனு. ரோடு குலுக்குற குலுக்குல பழகுனதுக்கு, இங்கன மேசைல வச்சு ஆடுறது ரொம்ப லேசு."

அவருடைய எல்லா ஓட்டங்களும் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும்தான் பதிவாகியிருந்தன. அந்தத் தகவல் என் முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஆடுகிறார் என்று யோசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

"திரும்பச் சேத்துடுறேன்" என்றேன்.

"அது மட்டும் போதாது. தூக்குனத எல்லாரும் பாத்தாக. எங்க வேன்லயே பதினாலு பேரு பாத்தாக. களவாணின்னு சிரிச்சாக. நீங்க தப்புன்னு எழுதுனதயும் அவுக எல்லாரும் பாக்கணும்."

சரி என்றேன். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "சாப்புட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே எழுதினேன்: "தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட குழப்பம் சரிசெய்யப்பட்டு, வேன் நாலு மீண்டும் சேர்க்கப்படுகிறார்." என் மனசாட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை ஏழேகாலுக்குப் போன் வந்தது. பின்னால் வேன் சத்தம்.

"நான்தான் பேசுறேன். எழுதுனதப் பாத்தேன். தொழில்நுட்பம்னு போட்டிருக்கீகளே, அது யாரு?"

"அது வந்து..."

"நீங்கதான?"

வேனில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், சரியான ஆளைப் பார்த்துத்தான். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "வேன் நாலு நேர்மையாகவே ஆடினார். அவரிடம் கேட்காமல் நீக்கியது நடுவராகிய என் தவறு." பத்துச் சொற்கள். அந்தப் பத்தை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது. அதுவரை எத்தனை பேரை இதே போல நீக்கினேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த நன்னெறி ஆசிரியர் நிச்சயமாக ஏமாற்றியவர்தான். மற்றவர்களைப் பற்றி என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஒழுங்காக ஆடுகிறவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் தடுமாறி ஆடுகிறவர்? மச்சினருடைய ஆறு பதிவுகளையும் எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக வைத்தேன். முதல் பதிவில் பன்னிரண்டாவது தொடுதலில் ஒரு சின்னத் தாமதம். இரண்டாவது பதிவிலும் பன்னிரண்டாவதில் அதே தாமதம். ஆறு பதிவிலும் அதே இடத்தில், ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாமல் அதே தடுமாற்றம். வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம். ஒரே தவறை ஆறு முறை அப்படியே செய்ய எந்த மனிதராலும் முடியாது. யாரிடமோ சொல்லி ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருக்கிறார். அதை மனிதர் மாதிரிக் காட்ட வேண்டும் என்று தடுமாற்றத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதிலும் சோம்பேறித்தனம். ஒரே தடுமாற்றத்தையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார்கள். மயிலின் கழுத்தைத் திருப்பும் எனக்குத் தெரியாதா இந்த வேலை!

தலைவரிடம் போய்ச் சொன்னேன். பதிவுகளை அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு மறுபடி திருப்பினார்.

"மேடம், பேனர்ல மச்சினன் போட்டோ போட்டாச்சு."

"அதனால?"

"வீட்டுல சொல்லிக்கிட முடியாது மேடம். ஒண்ணு பண்ணுவோம். அந்த அம்மாவயும் சேத்துக்கிடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. இவனும் இருக்கட்டும். நேர்ல வந்து ஆடட்டும். யாரு பெருசுன்னு அங்க தெரிஞ்சிரும்ல?"

அங்கே நான் மச்சினரை நீக்கியிருக்க வேண்டும். சான்று கையில் இருந்தது. சான்றே இல்லாமல் பத்து நிமிடத்தில் ஒரு பட்டாசுத் தொழிலாளியை நீக்கிய கை, கண்ணாடி போட்ட ஒருவரை நீக்கத் தயங்கியது. மண்டபம் பேசியாகிவிட்டது, சிறப்பு விருந்தினர் வருகிறார், நான் தலைமை நடுவர் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போன்களை நானே கொண்டு வருவேன், அவரவர் போனில் ஆடக் கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அதையே பெரிய வீரமாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இறுதிப் போட்டி விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலை. ஆட்டம் ஒன்றரை நிமிடம். அதற்கு முன்னால் பேச்சு ஒன்றே முக்கால் மணி நேரம். சிறப்பு விருந்தினர் கேம் ஆடினால் கண் கெட்டுப்போகும், படிப்புப் போய்விடும் என்று விரிவாகப் பேசிவிட்டு, இளைஞர்கள் இதில் சாதிக்க வேண்டும் என்று முடித்தார். தலைவர் ஒவ்வொருவருக்கும் சால்வை போட்டார். அவருக்கு மச்சினர் போட்டார். மச்சினருக்கு அவர் போட்டார்.

வேன் நாலு நீலப் புடவையில் வந்திருந்தார். கூடவே அவர் வேனில் வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர், கடைசி வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். ஆறு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். அச்சகத்துச் சக ஊழியர்களிடம் கெஞ்சி வாங்கிய, ஒரே ரகத்தைச் சேர்ந்த ஆறு போன்கள். சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்தப் போன் என்று கொடுத்தேன். ஆளுக்கு மூன்று ஓட்டம். பின்னால் பெரிய திரையில் எல்லோருடைய வண்டியும் தெரிந்தது.

முதல் ஓட்டத்தில் மச்சினர் வேகத்தடையில் கட்டுகளைக் கொட்டினார். இரண்டாவதில் கிளம்பிய இடத்திலேயே கொட்டினார். மூன்றாவதில் பயந்து பயந்து மிதித்து, மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றார். திரையில் ரயில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த ரயிலுக்கு இருபத்திரண்டு பெட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு பெட்டியும் போகப் போகக் கடைசி வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது.

"டச் வேல செய்யல" என்று மச்சினர் எழுந்தார்.

வேன் நாலு அதற்குள் மூன்று ஓட்டத்தையும் முடித்துவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "சிறிய தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, நம் செயலாளருக்கும் அந்த அம்மாவுக்கும் முதல் பரிசைச் சேர்த்து வழங்குவதாகச் சங்கம் முடிவு செய்கிறது" என்றார். சங்கம் எப்போது கூடியது, யார் முடிவெடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் கைதட்டினார். அவருக்கு வேறு ஊரில் இன்னொரு கூட்டம் இருந்தது.

நான் மேடையேறி மைக்கைக் கேட்டேன். நடுவர் நன்றியுரை சொல்லப் போகிறார் என்று நினைத்துத் தலைவர் கொடுத்துவிட்டார். "கோளாறு எதுவும் இல்ல. ஜெயிச்சது வேன் நாலு மட்டும்தான்" என்றேன். என் கம்ப்யூட்டரில் இருந்த ஆறு பதிவுகளைப் பெரிய திரையில் போட்டேன். ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு வரிகள், ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே தாமதம். "இது செயலாளர் தகுதிச் சுற்றில் அனுப்பிய ஓட்டங்கள். இது ஒரு ஆளு ஆடுனது இல்ல. இது எனக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லாம இருந்தது என் தப்பு" என்று சொல்லும்போதே மைக் நின்றுவிட்டது. யாரோ பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். கடைசி வாக்கியம் எத்தனை பேருக்குக் கேட்டது என்று தெரியாது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு முகம் மாறியது. மச்சினர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றுதான் அவர் கண்களை முதல்முறையாகப் பார்த்தேன். சாதாரணக் கண்கள்.

விருந்தினர் கிளம்பும் அவசரத்தில் பரிசை எடுத்து வேன் நாலின் கையில் கொடுத்துவிட்டார். ஒரு ஷீல்டு, ஒரு பெரிய பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். ஏதோ ஒரு கம்பெனி சங்கத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. பட்டாசு அடுக்கும் பெண்ணுக்குப் பட்டாசுப் பெட்டியைப் பரிசாகக் கொடுக்கும் அறிவு எங்கள் மாவட்டத்துக்கு மட்டுமே உரியது. அவர் ஷீல்டைப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். லேசாக ஆட்டினார்.

"இதுல கொறையுதே" என்றார்.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

"இந்தப் பெட்டி நாங்க அடுக்குறது. வெயிட்டு இது இல்ல. ரெண்டு பாக்கெட்டு புஸ்வாணமும் ஒரு சங்குச்சக்கரமும் இல்ல."

அங்கேயே மேசையில் வைத்துப் பிரித்தார். அவர் சொன்ன மூன்று இடங்களும் காலியாக இருந்தன. காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். கடைசி வரிசைப் பெண்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். "ஏலே, பரிசுப் பெட்டியிலயேவா?" என்று அவர்களில் ஒருத்தி சத்தமாகக் கேட்டாள். தலைவர் மச்சினரைப் பார்த்தார், மச்சினர் தலைவரைப் பார்த்தார். யார் எடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் பங்குக்கு ஆளாளுக்கு எடுத்திருக்கலாம்.

வெளியே வந்தபோது வேன் நாலிடம் மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் தெரிந்தும் சும்மா இருந்ததற்கு.

"மேடைல சொன்னதக் கேட்டேன். மைக்கு போனதுக்கு அப்பறமும் பேசிக்கிட்டுதான் இருந்தீக" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "ஒங்க வண்டில பின்னாடிக் கட்டு ரெண்டும் ஒண்ணா சாயுது. நெசத்துல மேல உள்ளதுதான் மொதல்ல சரியும். அதச் சரி பண்ணுங்க" என்றார். பிறகு பெண்களோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனார். ஷீல்டை அவர்களில் ஒருத்தி விசிறியாக வைத்துக்கொண்டு போனாள்.

அவர் சொன்னது சரி. கட்டுகளைத் திருத்தினேன், மூன்று ஞாயிறு பிடித்தது. விதிகளையும் மாற்றினேன். இப்போது சந்தேகம் வந்தால் முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுவேன், பார்க்கும்படியாக ஆடிக் காட்டச் சொல்வேன். யாரையாவது நீக்கினால் அவருடைய பதிவையும் எல்லோரும் பார்க்கப் போட்டுவிடுவேன், என் காரணம் முட்டாள்தனமா என்று அவர்களும் பார்க்கட்டும். முன்பு நீக்கியவர்களுக்கெல்லாம் எழுதினேன். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் திட்டி எழுதினார், நியாயமான திட்டு. போட்டியை இன்றும் நடத்துகிறேன். ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தீபாவளி நெருங்கும் சீசனில் வேன் நாலு ஆடுவதில்லை. கம்பெனி ஆறு மணிக்கு மேலும் ஓடுகிறது, வேனில் தூங்கிவிடுவதாகச் சொன்னார். பட்டியலில் அவருடைய நேரத்தை இன்னும் யாரும் தாண்டவில்லை.

போன மாதம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தலைவரைப் பார்த்தேன். இப்போது குறும்படச் சங்கத்துக்குத் தலைவராம். கார்டை நீட்டினார், ஆறு பதவிகள்.

"மேடம், பழசெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீங்க. அடுத்த வருசம் மாநில லெவல்ல பண்ணுவோம். நீங்கதான் தலைமை நடுவர்."

முன்னால் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. நகர்ந்த பிறகு கண்டக்டர் வந்தார்.

"வெம்பக்கோட்டையா?"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிடுறேன்" என்றேன்.

"அதுக்கு நடந்தே போயிருக்கலாமேம்மா" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.